ஆறாவது கேள்வி

வணக்கம் சார். தென்னரசு வீடு இதுதானே? நான் டாக்டர் ஹரிஹரசுதன். ஆஸ்பத்திரியில் அவனுக்கு சீனியர். எலும்பு முறிவுப் பிரிவு, மூன்றாம் ஆண்டு.

குளிக்கிறானா? குளிக்கட்டும், குளிக்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு குளிப்பதற்கு நேரம் ஆகும். கட்டின் மேல் பாலிதீன் பை சுற்றிக்கொண்டானா? தண்ணீர் பட்டால் ஊறிப்போய்விடும். அது நானே போட்ட கட்டு சார். பார்த்தீர்களா, எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது? எங்கள் பேராசிரியரே அதைத் தடவிப் பார்த்து, "யாருய்யா போட்டது, சலவைக்கல்லு மாதிரி இருக்கு" என்று கேட்டார்.

எனக்கு அவனிடம் ஒரே ஒரு கையெழுத்துதான் வேண்டும். அரை நிமிட வேலை. நான்கரை மணிப் பேருந்துக்குப் போய்விடுவேன்.

டீ வேண்டாம் சார், தண்ணீர் போதும். அப்பா பேரா? சிவசுப்பிரமணியன். ஊர் சுந்தரபாண்டியபுரம், தென்காசிக்குப் பக்கத்தில். வயது முப்பது முடிந்துவிட்டது. இல்லை சார், கல்யாணம் ஆகவில்லை. பரீட்சை முடியட்டும் என்று இருக்கிறேன். நீங்களும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மாதிரிதான். ஊர், பேர், தகப்பன் பேர் மூன்றும் தெரியாமல் தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

அது என்ன, தாளும் பேனாவும்? சரிதான். தென்னரசு சொல்லியிருக்கிறான். அப்பா போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வருகிறவர்கள் சொல்வதை எழுதியே முப்பத்திரண்டு வருடம் ஓட்டியவர் என்று. இன்னமுமா பழக்கம் விடவில்லை? எழுதுங்கள் சார், தாராளமாக எழுதுங்கள். நான் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை. நிஜமாகச் சொன்னால், இந்த ஒரு மாதத்தில் என் தரப்பை உட்கார்ந்து கேட்கிற முதல் மனிதர் நீங்கள்தான்.

இதோ, இதுதான் அந்தப் படிவம். சுய உறுதிமொழிப் படிவம் என்று பேர். பயிற்சி முடிக்கப்போகிற ஒவ்வொரு டாக்டரும் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். நாளை மாலை நான்கு மணிக்குள் அலுவலகத்தில் இது இல்லையென்றால் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். மூன்று வருடம் தூக்கமில்லாமல் உழைத்தவனுக்கு ஆறு மாதம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

மொத்தம் ஒன்பது கேள்விகள். உடல்நலம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, நோயாளிகள் புகார் கொடுத்தது உண்டா, இப்படிப் போகும். எல்லாவற்றுக்கும் "ஆம்", "இல்லை" என்று இரண்டு கட்டம். ஒன்பதுக்கும் நான் "இல்லை" கட்டத்தில்தான் டிக் அடித்திருக்கிறேன். "ஆம்" என்று போட்டால் விளக்கம் எழுத வேண்டும். அதற்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், பாருங்கள். மூன்று வரி! மூன்று வரியில் ஒரு மனிதன் எதை விளக்க முடியும்?

தொல்லை இந்த ஆறாவது கேள்விதான். படிக்கிறேன், கேளுங்கள். "பயிற்சிக் காலத்தில் உடன் பணிபுரியும் எவருக்கேனும் உடலளவில் தீங்கு விளைவித்ததுண்டா?" இது போன வருடம்வரை கிடையாது. வேறு ஏதோ ஒரு பிரிவில் சீனியர் ஒருத்தன் ஜூனியரைப் படியில் தள்ளிவிட்டுப் பெரிய ரகளை ஆகிவிட்டது. அதற்குப் பிறகு சேர்த்தார்கள். சேர்த்ததோடு விட்டார்களா? அந்தக் கேள்விக்கு நேராக, அதே யூனிட்டில் வேலை செய்கிற முதலாம் ஆண்டு ஜூனியர் "உண்மை" என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் யூனிட்டில் முதலாம் ஆண்டு ஒரே ஒரு ஆள். உங்கள் மகன்.

நான் கோபக்காரன் இல்லை சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எலும்பு வைத்தியம் என்பது பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும், அவ்வளவுதான். தொடை எலும்பு முறிந்து வருகிறவனுக்குப் பூப்போலவா வைத்தியம் பார்க்க முடியும்? இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவன் காலை இழுக்க வேண்டும். துளை போட வேண்டும், கம்பியை இறக்க வேண்டும், சுத்தியலால் தட்ட வேண்டும். ரத்தம் கண்ணாடியில் தெறிக்கும். அந்த வேலைக்கு ஆளைத் தயார் செய்வதும் அப்படித்தான் இருக்கும்.

நான் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது எனக்கு ஒரு சீனியர் இருந்தார். கதிர்காமன் என்று பேர். ஒரு தடவை நான் கட்டுப் போட்ட கால் கொஞ்சம் கோணிவிட்டது. கட்டைப் பிளக்கிற இரும்புக் கருவி ஒன்று உண்டு. அதை எடுத்தார், என் வலது கையை மேஜைமேல் வைக்கச் சொன்னார், விரல்களின் மேல் ஓங்கி ஒரு அடி. இரண்டு நகம் கழன்று விழுந்தது. இதோ, இந்த விரலில் நகம் இன்னமும் கோணலாகத்தான் முளைக்கிறது. நான் யாரிடமாவது போய்ச் சொன்னேனா? இல்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டே அன்றைக்கு ஏழு கட்டுப் போட்டேன். ஒன்றுகூடக் கோணவில்லை. இன்றைக்கும் தீபாவளிக்கு நான் முதலில் போன் செய்வது அவருக்குத்தான்.

நீங்கள் எழுதுவது ரொம்ப அழகாக இருக்கிறது சார். அடித்தல் திருத்தலே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். அவசரப் பிரிவில் நானும் தென்னரசுவும் பணியில் இருந்தோம். ஒரு பெண்ணை அவள் புருஷன் அழைத்துக்கொண்டு வந்தான். செல்லக்கனி என்று பேர். இருபத்தாறு வயது. தீப்பெட்டி ஆபீஸில் வேலையாம். இடது கை வீங்கியிருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "தண்ணித் தொட்டிகிட்ட வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. உங்கள் கையைக் கொடுங்கள் சார், காட்டுகிறேன். மனிதன் வழுக்கி விழும்போது என்ன செய்வான்? உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவான். அப்போது இங்கே, மணிக்கட்டில் உடையும். ஆனால் முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் தனியாக உடைந்திருந்தால், அது விழுந்த உடைப்பு இல்லை. ஓங்கி வருகிற கட்டையைத் தடுக்கக் கையை இப்படி முகத்துக்கு முன்னால் தூக்கினால், அடி எங்கே விழும்? இதோ, இந்த எலும்பில்தான். வாய் பொய் சொல்லும் சார். எலும்பு சொல்லாது. முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு நான்தான் இந்தப் பாடம் எடுப்பேன். தென்னரசுவுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

"எத்தனை தடவைம்மா விழுந்தே?" என்று கேட்டேன். புருஷன்காரன் முந்திக்கொண்டு, "அதான் விழுந்துட்டேன்னு சொல்றாள்ல. கட்டுப் போட்டு அனுப்புங்க, ஷிப்டுக்குப் போணும்" என்றான்.

அந்த நேரத்தில் உங்கள் மகன் என்ன செய்தான் தெரியுமா? என் காதருகே வந்து, "சார், அவரை வெளியே உட்கார வெச்சுட்டு அந்தம்மாகிட்டத் தனியாக் கேப்போம். அவங்க சொன்னா போலீசுக்கு எழுதிடலாம்" என்றான். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. புத்தகம் எனக்குத் தெரியாதா? ஆனால் பெண்பிள்ளையின் எலும்பை உடைத்துவிட்டு ஒருத்தன் என் முன்னால் நின்று ஷிப்டுக்கு நேரமாச்சு என்கிறான். பார்த்துக்கொண்டு இருக்க நான் என்ன கல்லா? விட்டேன் ஒரு அறை. அவன் ஸ்ட்ரெச்சர்மேல் போய் விழுந்தான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

அவன் எழுந்தான். என்னை ஒன்றும் செய்யவில்லை. பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்தான். உடைந்த கையைத்தான். அவள் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. தரதரவென்று வாசல்வரை இழுத்துக்கொண்டு போனான். கட்டுப் போடாமலே போய்விட்டாள். அப்புறம் என்ன ஆனாளோ, தெரியாது. அது அவள் தலையெழுத்து. நான் என்னால் ஆனதைச் செய்தேன்.

அரை மணி நேரத்தில் அவன் நான்கு பேரோடு திரும்பி வந்தான். கையில் உருட்டுக்கட்டை. கண்ணாடிக் கதவு முதலில் போனது. மருந்து வண்டியைக் கவிழ்த்தார்கள். தரையெல்லாம் ஊசியும் உடைந்த பாட்டிலும். ஒருத்தன் குளுக்கோஸ் மாட்டுகிற கம்பியைப் பிடுங்கி என் தலையில் இறக்கினான். இதோ, முடியை விலக்கிக் காட்டுகிறேன், ஏழு தையல். நான் சும்மா இருப்பேனா? ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கிற ஸ்பானர் கைக்கு அகப்பட்டது. ஒருத்தன் முட்டியில் போட்டேன். "மடக்" என்று சத்தம். சில்லு உடைந்தது என்று எனக்குக் காதிலேயே தெரிந்துவிட்டது. அடுத்தவனைப் போட ஓங்கினேன் சார், அதற்குள் யாரோ பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்தார்கள். யார்? உங்கள் மகன்தான். என்னை இழுத்துக்கொண்டுபோய்க் கட்டுப் போடுகிற அறையில் தள்ளி, உள்ளே தாழ் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். வெளியே அவர்கள் கதவை உதைக்கிறார்கள். ஒவ்வொரு உதைக்கும் அவன் முதுகு அதிர்கிறது. "சார், நீங்க உக்காருங்க சார், தலையில ரத்தம் வருது" என்கிறான். போலீஸ் வரும்வரை அப்படியே நின்றான்.

எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? நான் பயந்து கதவைச் சாத்திக்கொண்டேன் என்றுதானே மறுநாள் ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு?

அதைக்கூட நான் மன்னித்துவிட்டேன். நான் கோபக்காரன் இல்லை என்று சொன்னேனே.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது போல் இருக்கிறதே? துவட்டிக்கொண்டிருப்பான். பரவாயில்லை.

பிறகு விசாரணை வைத்தார்கள். மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்தார்கள். எல்லோரும் எனக்குச் சாதகமாகத்தான் சொன்னார்கள். நர்ஸ், காவலாளி, எல்லோரும். திடீரென்று வந்து தாக்கினார்கள், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும் என்றார்கள். கடைசியில் தென்னரசுவைக் கூப்பிட்டார்கள். "முதலில் கை வைத்தது யார்?" இவன் நிமிர்ந்து நின்றுகொண்டு, "ஹரிஹரசுதன் சார்தான். அந்தம்மாவோட வீட்டுக்காரரை அறைஞ்சார்" என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை எனக்கு மெமோ வந்துவிட்டது. தலையில் ஏழு தையலோடு வேலை பார்க்கிறவனுக்கு மெமோ! விளக்கம் எழுத அதிலும் மூன்று வரிதான் இடம்.

அன்றைக்கு ஆபரேஷன் முடியும்போது பகல் இரண்டேகால் மணி. பதினான்காம் தேதி. இடுப்பு எலும்பு ஆபரேஷன். நன்றாகத்தான் முடிந்தது. கருவிகளைக் கழுவுகிற இடத்தில் நானும் அவனும் நின்றிருந்தோம். சகாயராணி சிஸ்டர் கருவிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தன்மையாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஏன்டா சொன்னே?"

"கேட்டாங்க சார்."

"கேட்டா சொல்லிருவியா?"

"பொய் சொல்லணுமா சார்?"

அந்தத் தொனி இருக்கிறதே சார். அது திமிர் இல்லை. திமிராக இருந்திருந்தால் ஒரு அறையோடு விட்டிருப்பேன். அவன் நிஜமாகவே கேட்டான். பொய் சொல்லணுமா என்று, ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கழுவிய சுத்தியல் கையில் இருந்தது. எங்கள் சுத்தியல் முழுக்க எஃகு. தலை, கைப்பிடி எல்லாம் ஒரே உலோகம். தலைப்பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கைப்பிடியால் ஒரு அடி, தோளில். அவன் நகரவில்லை. "சார்" என்றான். இரண்டாவது அடிக்குக் கையைத் தூக்கினான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பச்சைக் கொம்பு முறிகிற சத்தம். அதோடு நான் நிறுத்திவிட்டேன். இரண்டே இரண்டு அடி. மூன்றாவது அடிக்கு நான் ஓங்கவே இல்லை. வேண்டுமானால் சிஸ்டரைக் கேளுங்கள். இல்லை, அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

ஏன் சார் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

அவன் உங்களிடம் சொல்லவில்லையா?

விழுந்துவிட்டேன் என்றா சொன்னான்? ஹாஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றா? பெற்ற தகப்பனிடமே அப்படியா சொன்னான்? பார்த்தீர்களா சார், அதுதான் தென்னரசு! தங்கமான பையன். நான் உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். சரி, தெரிந்ததும் நல்லதுதான். என் வாயாலேயே தெரிந்தது இன்னும் நல்லது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கண் காது மூக்கு வைத்துச் சொல்லியிருப்பார்கள்.

எந்த எலும்பா? இடது முன்கை. நடுவில். ஆமாம், சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான். அது மட்டும்தான். பக்கத்து எலும்பில் கீறல்கூட இல்லை. எலும்பு விலகவும் இல்லை. ஆறு வாரத்தில் கூடிவிடும்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா? இந்தாருங்கள், குடியுங்கள். எழுத முடியவில்லை என்றால் பிறகு எழுதிக்கொள்ளலாம். முடியுமா? சரி.

ஒன்றை மட்டும் கட்டாயம் எழுத வேண்டும். அடித்தவனும் நான், வைத்தியம் பார்த்தவனும் நான். அவனை வேறு யார் கையிலாவது விட்டேனா? உடனே உட்கார வைத்தேன். வலிக்கு ஊசி போட்டேன். நானே எக்ஸ்ரேவுக்கு அழைத்துக்கொண்டு போனேன். நானே மாவைக் குழைத்து, நானே கட்டினேன். அவன் முகம் வெளுத்துப்போய் இருந்தது. விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டுமே, எப்படிக் காயம் ஆனது என்று. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவனாகவே சொன்னான் சார். நான் கேட்கவில்லை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக்குங்க சார்."

பார்த்தீர்களா? இரண்டேகால் மணிக்குப் பொய் சொல்லணுமா என்று கேட்ட பையன். ஒரு மணி நேரத்துக்குள் கற்றுக்கொண்டுவிட்டான். கதிர்காமன் சாருக்குப் போன் செய்து சொன்னேன். சிரித்தார். "உன் ஜூனியர் தேறிருவான்டா" என்றார்.

அதனால்தான் ஆறாவது கேள்விக்கு "இல்லை" என்று போட்டிருக்கிறேன். படிவத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் இருக்கிறது, பாருங்கள். "மேற்கண்டவை என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை." நம்பிக்கை என்று போட்டிருக்கிறார்களே! இது தீங்கு இல்லை, பயிற்சி என்று நான் மனதார நம்புகிறேன். பிறகு நான் எழுதியது எப்படிப் பொய்யாகும்?

ஒரு வாரமாக அவனுக்குப் போன் செய்கிறேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. உடம்புக்கு முடியாதவன், தூங்குவான் என்று இருந்தேன். நாளைக்குக் கடைசி நாள் என்றதும் நானே கிளம்பி வந்துவிட்டேன்.

எழுதி முடித்துவிட்டீர்களா? நான்கு பக்கமா! மூன்று வரி கொடுத்தவர்கள் பார்க்க வேண்டும் இதை. வாசித்துக் காட்டுகிறீர்களா? கொடுங்கள் சார். நானே வாசிக்கிறேன்.

"எனது பெயர் ஹரிஹரசுதன், வயது முப்பது, தகப்பனார் பெயர் சிவசுப்பிரமணியன், சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம்." அட, வந்தவுடனே கேட்டதெல்லாம் இதற்குத்தானா? கெட்டிக்காரர் சார் நீங்கள். "நான் எலும்பு முறிவு மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டு பயின்று வருகிறேன்." சரி. "செல்லக்கனி என்பவரின் கணவரை நான்தான் முதலில் அறைந்தேன்." சரி. "கலவரத்தின்போது டாக்டர் தென்னரசு என்னை அறைக்குள் கொண்டுபோய்க் கதவை அடைத்துக் காப்பாற்றினார்." காப்பாற்றினார் என்று நான் சொன்னேனா? கதவில் முதுகைக் கொடுத்து நின்றான் என்றுதானே சொன்னேன்? சரி, இருக்கட்டும். சண்டை போட வேண்டாம்.

"பதினான்காம் தேதி பகல் இரண்டேகால் மணிக்கு, விசாரணையில் நடந்ததைச் சொன்னதற்காக, டாக்டர் தென்னரசுவைச் சுத்தியலால் இரண்டு முறை அடித்தேன்." இங்கே ஒரு திருத்தம் வேண்டும். சுத்தியலின் கைப்பிடியால் என்று போடுங்கள். வெறுமனே சுத்தியல் என்றால் தலைப்பக்கம் என்று நினைப்பார்கள். ஒரு மருத்துவ அறிக்கையில் அந்த வித்தியாசம் முக்கியம். போட்டுவிட்டீர்களா? நன்றி.

"முதல் அடி தோளில் பட்டது. இரண்டாவது அடி, தலையைக் காப்பதற்காக அவர் தூக்கிய இடது முன்கையில் பட்டு எலும்பு முறிந்தது."

தலையை...

நான் தலைக்குக் குறி வைக்கவில்லை சார். கை குறுக்கே வந்தது, அவ்வளவுதான். கை வராமல் இருந்திருந்தால் அந்த அடி எங்கே விழுந்திருக்கும் என்று... அதை நான் யோசிக்கவில்லை. அது நடக்காத விஷயம். நடக்காததை எதற்கு யோசிக்க வேண்டும்?

"வழுக்கி விழுந்தால் மணிக்கட்டு உடையும் என்பதும், இந்த எலும்பு மட்டும் உடைந்தால் அது அடியைத் தடுத்ததால் உண்டாவது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே விபத்துப் பதிவேட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதினேன்."

இதையும் நான்தான் சொன்னேன். இரண்டையும் சொன்னேன். ஆனால் அடுத்தடுத்துச் சொல்லவில்லை. நீங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள்.

தப்பு என்று சொல்லவில்லை சார். தப்பே இல்லை. நீங்கள் ஒரு சொல்கூடக் கூட்டி எழுதவில்லை. வாசிக்கும்போது வேறு யாரோ ஒருவனைப் பற்றி வாசிக்கிற மாதிரி இருக்கிறது, அதுதான். கோர்வையாக எழுதினால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

எங்கே போட வேண்டும்? இங்கேயா? "நானே வாசித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது." சரிதான். போடுகிறேன். போடாமல் என்ன? ஒளித்து வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? யாராவது கேட்டால் இதையே காட்டலாம். முழு விவரமும் இதில் இருக்கிறது. தேதி? போட்டுவிட்டேன். நான்கு பக்கத்திலும் வேண்டுமா? உங்கள் வேலை சுத்தம் சார். இந்தாருங்கள்.

இப்போது தென்னரசுவைக் கூப்பிடுங்கள்.

அட, இங்கேதான் நிற்கிறாயா? எப்போது வந்தாய்? கதவுக்குப் பின்னாலேயா நின்றாய்? தலை காய்ந்தே போயிருக்கிறதே. வாடா, உட்கார். விரலை ஆட்டு பார்ப்போம். வீக்கம் இல்லை. நல்லது. கட்டு நன்றாக இருக்கிறது. இளைத்துவிட்டாய். அப்பாவிடம் எல்லாம் பேசிவிட்டேன். அவர் புரிந்துகொண்டார். மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதே. இங்கே ஒரு கையெழுத்து. ஆறாவது கேள்விக்கு நேராக, "உண்மை" என்று போட்டிருக்கிறது பார், அதற்குக் கீழே. உன் வலது கை நன்றாகத்தானே இருக்கிறது.

படித்துத்தான் போட வேண்டுமா? படி. இன்னும் நேரம் இருக்கிறது.

என்ன, அப்பா முகத்தைப் பார்க்கிறாய்?

தென்னரசு, அது இல்லை. அது அப்பா எழுதிய தாள். அதில் எதற்குப் போடுகிறாய்? சாட்சியா? யாருக்குச் சாட்சி? டேய், உன்னிடம் கேட்டது இந்தப் படிவம். இதில் போடு. நாளைக்கு நான்கு மணிதான் கடைசி. என் மூன்று வருடம்டா. பேனாவை இங்கே கொடு, நான் இடத்தைக் காட்டுகிறேன். கொடு என்கிறேன்...

எதற்குக் கையைத் தூக்குகிறாய்?

கையை இறக்கு. பேனாவைத்தானே எடுக்க வந்தேன். நான் என்ன செய்தேன்? சார், நீங்களே பார்த்தீர்கள், நான் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தேன், கையை நீட்டினேன், அவ்வளவுதான். அதற்கு முகத்துக்கு முன்னால் மாவுக்கட்டைத் தூக்கிக்கொண்டு... கையை இறக்குடா! அப்பா பார்க்கிறார்.

சார், தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?

அதையுமா எழுதுகிறீர்கள்?